ஹபிள் மாறிலி 83 வருகிறது, எங்கே பிசகு?

கேள்வி (ஏ.எல். மாணவன், கொக்குவில்)
வணக்கம். பள்ளிக்கூட விஞ்ஞானக் கண்காட்சிக்காக, ஈர்ப்பு அலையை வைத்துப் பிரபஞ்சம் விரியும் வீதத்தை, அதாவது ஹபிள் மாறிலியை, கணித்துப் பார்க்கிறேன். எடுத்தது 2017 ஓகஸ்ட் 17 இல் பதிவான நியூத்திரன் விண்மீன் மோதல். அது நடந்த என்.ஜி.சி. 4993 கலக்சி இருக்கும் குழுவின் வேகம் செக்கனுக்கு 3327 கி.மீ., அலையிலிருந்து கணித்த தூரம் 40 மெகாபார்செக் (ஒரு மெகாபார்செக் ஏறக்குறைய 32.6 இலட்சம் ஒளியாண்டு). வேகத்தைத் தூரத்தால் எக்செலில் வகுத்தால் 83.2. ஆனால் வெளியான விடை 70. அலகுகள் சரி. டியூசன் சேரைக் கேட்டால், சோதனைக்கு வராததை ஏன் நோண்டுகிறாய் என்கிறார்.

பதில் 1
தம்பி, அந்த 3327 முழுவதும் விரிவால் வந்ததில்லை. சுற்றியுள்ள பொருண்மை இழுப்பதால் வந்த சொந்த வேகம் ஏறக்குறைய 310. அதைக் கழியும், 3017 வரும்.

கேட்டவர்
ஓம் அண்ணா, இப்ப 75.4. இன்னும் கூடத்தான்.

பதில் 2
மிச்சக் கோளாறு தூரத்தில். 40 என்பது முதல் அறிவிப்பில் வந்தது, அதுவும் கூட 8, குறைய 14 என்ற பிழையோடு. தொலைநோக்கிகள் கலக்சியைக் கண்டுபிடித்த பிறகு, வானில் அந்த இடத்தை நிலையாக வைத்துத் திரும்பக் கணித்ததில் 43.8. இப்ப வகுத்துப் பாருங்கள்.

கேட்டவர்
68.9! ஆனால் அதே அலையில் தூரம் எப்படி இவ்வளவு ஆடுகிறது?

பதில் 2
இரண்டு விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும் தளத்தின் சாய்வுதான் காரணம். கோயில் குழாய் ஸ்பீக்கர் உங்கள் பக்கம் திரும்பியிருந்தால் தூரத்தில் இருந்தாலும் பலமாகக் கேட்கும், இல்லையா? சுற்றுத்தளத்துக்குச் செங்குத்தான திசையில் அலை பலம், பக்கவாட்டில் மெலிவு. வீச்சை மட்டும் பார்த்தால், எட்ட நின்று நம்மை நேரே பார்க்கும் சோடியா, கிட்ட நின்று சரிந்த சோடியா என்று பிரிப்பது கஷ்டம். 2019 இல் மோதலில் இருந்து பீறிட்டு, ரேடியோ தொலைநோக்கிகளில் தெரிந்த பீச்சின் (jet) நகர்வை வைத்துச் சாய்வை இறுக்கினார்கள், 70.3 வந்தது, பிழை ஏறக்குறைய 5. ஆதிப் பிரபஞ்சத்தின் ஒளியை அளந்த பிளாங்க் செய்மதியின் 67.4, துடிக்கும் செபீட் விண்மீன்களால் தூரம் அளந்து வந்த 73 இரண்டும் அதற்குள் அடங்கிவிடும். இந்த இரண்டில் எது சரி என்ற சண்டை ஒரு மோதலால் தீராது.

கேட்டவர்
அப்ப போஸ்டரில் 68.9 போடவா, 70 போடவா?

பதில் 1
68.9 ஐயே போடும், அது உம்முடைய கணக்கு. 70 என்பது வெறும் வகுத்தல் விடையில்லை, தூரம், சாய்வு, வேகம் எல்லாவற்றின் பரம்பலிலும் உச்சம். பக்கத்தில் 62 இலிருந்து 82 வரை ஒரு பிழைக்கோடு கீறிவிடும். நடுவர்கள் கேட்கப்போவது அதைப் பற்றித்தான்.