அம்பாசிடர் மார்க் 3: கிராங்க் புல்லி ஆடுகிறது, இன்ஜினை இறக்கணும் என்கிறார்கள். உண்மையா?

காங்கேயம் மார்க் 3

வணக்கங்க. எங்கள் அப்புச்சியின் வண்டி, 1978 மாடல் அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். டைனமோகூட இன்னும் பழையதேதான். நோம்பிக்கும் பழனிக்கும் மட்டும் வெளியே எடுப்போம், மீதி நாளெல்லாம் சாளையில் தார்பாய்க்குள் கிடக்கும்.

போன வாரம் பழனி போய்விட்டுத் திரும்பும்போது தாராபுரம் தாண்டியதும் முன்பக்கம் "டக் டக்" என்று ஒரு அடி. ஐடிலில்தான் அதிகம். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் அடங்குகிறது, காலை எடுத்தால் திரும்ப வருகிறது. இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறந்து அரை நிமிடம் காது கொடுத்துவிட்டு, "பிக் எண்ட் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும், கிராங்க் கிரைண்டிங் போடணும், அறுபதாயிரம் ஆகும்" என்றார். பிக் எண்ட் என்றால் பிஸ்டன் ராடு கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் இடத்துப் பேரிங். ஆயில் பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து நானே குனிந்து பார்த்தேன். கிராங்க் ஷாஃப்ட்டின் முன் நுனியில் ஃபேன் பெல்ட்டைச் சுற்றும் கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினால் அரை நூல் அளவுக்கு முன்னும் பின்னும் ஆடுகிறது. ஷாஃப்ட் அசையவில்லை, புல்லி மட்டும்தான். அதன் நடுவில் குங்குமத்தை எண்ணெயில் குழைத்த மாதிரி செம்பழுப்பாக ஒரு பூச்சு, விரலில் ஒட்டுகிறது. அடியில் ஆயில் கசிவும் இருக்கிறது.

அடி இந்தப் புல்லியிலிருந்து வருகிறதா? நட்டை இறுக்கினால் போதுமா?

உக்கடம் பழசு

தம்பி, இதுக்கு ஏன் இத்தனை யோசனை? புல்லியை நேரா வெச்சு ஷாஃப்ட்டோட சேர்த்து ரெண்டு பொட்டு வெல்டிங் வைங்க. எங்க லாரியில அப்படித்தான் ஓட்டினோம்.

கணபதி லேத்

ஜி.டி. நாயுடு பிறந்த மண்ணில் புல்லிக்கு வெல்டிங் வைக்கச் சொல்கிறீர்களே அண்ணா! வைத்துவிட்டால் அப்புறம் டைமிங் செயினோ ஆயில் சீலோ மாற்ற முன்பக்கக் கவரை எப்படிக் கழற்றுவது? அந்தச் சூட்டில் சீல் முதலில் கருகும். ஷாஃப்ட் மூக்கு, அதாவது புல்லி உட்காரும் முன் நுனி, விரிசல் விட்டால் அறுபதாயிரம் உண்மையாகவே ஆகும்.

தம்பி, பிக் எண்டா புல்லியா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள், தண்ணீர் பம்ப் சுற்றாது என்பதால் அதற்கு மேல் வேண்டாம். சத்தம் மாறினால் புல்லிப் பக்கம் சந்தேகம் போகட்டும். அடுத்து ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி எர்த்தில் வைத்துப் பாருங்கள். பிக் எண்ட் அடியாக இருந்தால் அந்த சிலிண்டரை நிறுத்தியதும் நன்றாகக் குறையும், புல்லி அடி அப்படி ஒரு சிலிண்டரை மட்டும் பிடித்துக் கொள்ளாது. டைமிங் லைட் (பிளக் எரியும்போதெல்லாம் மின்னும் விளக்கு) கிடைத்தால் இன்னும் நல்லது. புல்லி ஆடினால் அதில் இருக்கும் டைமிங் வெட்டு, கவரின் முள்ளுக்கு எதிரில் நிலையாக நிற்காமல் தாவும்.

அந்தச் செம்பழுப்புப் பூச்சு இரும்போடு இரும்பு உரசி வரும் பொடி. புல்லி ஆடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது ஒன்றே போதும்.

காங்கேயம் மார்க் 3

தம்பி இல்லைங்க, தங்கச்சி.

பெல்ட்டைக் கழற்றியதும் அடி பாதியாகக் குறைந்தது. எந்த பிளக்கை நிறுத்தினாலும் வித்தியாசம் இல்லை. சூடான பிறகும் ஐடிலில் பிரஷர் லைட் எரியவில்லை. ஆனால் ஒன்று புரியவில்லை. பெரிய ஸ்பானர் போட்டு நட்டைத் திருகிப் பார்த்தேன், கல்லு மாதிரி இறுகித்தான் இருக்கிறது. நட் இறுக்கமாக இருக்கும்போது புல்லி எப்படி ஆடும்?

பொள்ளாச்சி டிரைவர்

அம்மணி, நாங்கள் டாக்ஸி ஓட்டிய காலத்தில் இதைப் பார்த்திருக்கிறோம். கையால் ஸ்டார்ட் பண்ணும் ஹேண்டில் மாட்டும் அந்த டாக் நட்டு பேருக்குத்தான் நட்டு, அது ஷாஃப்ட்டுக்குள் இறங்கும் போல்ட்டு. யாராவது முன்னாடி கவரைக் கழற்றினார்களா?

காங்கேயம் மார்க் 3

ரெண்டு வருசம் முன்னால் வெளியூரில் டைமிங் செயின் மாற்றினோங்க.

கணபதி லேத்

அங்கேதான் வினை. அந்த நட்டுக்குக் கீழே மடக்குகிற காது வைத்த லாக் வாஷர் ஒன்று இருக்கணும். அது இல்லாமல் பூட்டினால் போல்ட்டின் நுனி துளையின் அடியில் போய் முட்டிவிடும். கைக்கு இறுகிய மாதிரி இருக்கும், ஆனால் புல்லியை அமுக்கியே இருக்காது. அந்த நட்டு புல்லியை மட்டும் பிடிக்கிறதில்லை. புல்லி, ஆயில் த்ரோவர் (ஆயிலைச் சீல் பக்கம் போகாமல் வீசிவிடும் தட்டு), டைமிங் கியர் எல்லாவற்றையும் ஒரே அடுக்காக ஷாஃப்ட் படியோடு சேர்த்து அமுக்குவது அதுதான். அமுக்கம் இல்லையென்றால் முழுச் சுமையும், புல்லியையும் ஷாஃப்ட்டையும் பூட்டும் அரை நிலா வடிவச் சின்ன இரும்புத் துண்டான ஹாஃப் மூன் கீ தலையில் விழும். கீ தேயும், பிறகு அது உட்காரும் பள்ளமான கீ-வே அகலமாகும். புல்லி ஆடி ஆடி ஆயில் சீலையும் தின்னும். உங்கள் ஆயில் கசிவு அப்படி வந்ததுதான்.

ரேடியேட்டரை இறக்குங்கள், இல்லாவிட்டால் புல்லியை வெளியே எடுக்க இடம் இருக்காது. நட்டைக் கழற்ற ஸ்பானரை மாட்டி வைத்து செல்ஃப் மோட்டாரைத் (ஸ்டார்ட்டரை) தட்டிவிடும் வித்தை வேண்டாம், இருக்கிற கீயும் போய்விடும். முதல் சிலிண்டர் பிளக்கைக் கழற்றி, உள்ளே புது நைலான் கயிற்றை நான்கைந்து முழம் விட்டு, நுனியை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் கயிற்றில் முட்டி நிற்கும். ரெண்டு வால்வும் மூடியிருக்கணும், டேப்பெட் கவரைத் திறந்து ரெண்டு ராக்கரும் லூசாக இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்த நிலையில் இருக்கணும், ஏனென்றால் ஷாஃப்ட் பின்னோக்கித் திரும்பும். பூட்டும்போது உச்சிக்கு முன்னால். இதை மாற்றிச் செய்தால் வால்வு திறந்து கயிறு மாட்டிக்கொள்ளும்.

காங்கேயம் மார்க் 3

கழற்றியாச்சுங்க. ஆட்டுக்கு வாங்கி வைத்த புதுக் கயிறுதான், அம்மா திட்டினார்.

நீங்கள் சொன்னதேதான். வாஷர் இல்லை. போல்ட் நுனியில் மட்டும் வட்டமாகப் பளபளவென்று ஒரு தழும்பு, துளையின் அடியில் முட்டிய இடம். புல்லியின் கீ எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் படி மாதிரி தேய்ந்து, மறுபக்கம் முழுசாக இருக்கிறது. புல்லியின் துளை நீள்வட்டமாகப் போய்விட்டது, கீ-வேயும் அகலமாகிவிட்டது. ஷாஃப்ட் மூக்கு நன்றாக இருக்கிறது, கீ-வே விளிம்பில் மட்டும் கொஞ்சம் பிசிறு. புல்லி போகும் மூன்று இடத்தில் மைக்ரோமீட்டர் வைத்தோம், ஒரே அளவுதான். டைமிங் கியர் ஆடவில்லை. புதுப் புல்லி தேடவா, இதையே சரி பண்ணவா?

உக்கடம் பழசு

கம்பெனி 2014லேயே உற்பத்தியை நிறுத்திருச்சு. கடையில பழசு கிடைக்கும், ஆனா அதுவும் இதே மாதிரி ஆடினதா இருக்கும். இருக்கிறதை ஸ்லீவ் போடுங்க தங்கச்சி. வெல்டிங் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

கணபதி லேத்

அப்படிச் சொல்லுங்க அண்ணா. துளையைப் பெரிதாக்கி ஸ்டீல் புஷ் இறக்கி, ஷாஃப்ட் அளவுக்குத் திரும்ப போர் பண்ணணும். கையால் தள்ளினால் பெரும்பகுதி போய், கடைசி கால் இஞ்ச் மட்டும் மரச் சுத்தியலால் தட்டி இறங்குகிற ஃபிட் வைக்கச் சொல்லுங்கள். லேத்தில் கட்டும்போது பெல்ட் ஓடும் வி-பள்ளத்தில் டயல் வைத்துச் சென்டர் பார்க்கணும், இல்லையென்றால் பெல்ட் ஆடும்.

லேத்காரர்கள் பலர் விடும் இடம் ஒன்று உண்டு. புது கீ-வேயை ஸ்லாட்டிங் மெஷினில் வெட்டும்போது பழைய கீ-வேயின் தேயாத பக்கத்தை வைத்துக் கோடு போடணும். வட்டத்தில் கொஞ்சம் நகர்ந்தாலும் டைமிங் வெட்டு பொய் சொல்லும், பிறகு இக்னிஷன் டைமிங் வைக்கும்போது தலைவலி.

ஷாஃப்ட் விளிம்புப் பிசிறை மெல்லிய அரத்தால் ரெண்டு தடவை தடவினால் போதும், அகலமாக்கிவிடாதீர்கள். கீ புதுசு வாங்குங்கள். சீல் ஓடும் இடத்தில் நகம் மாட்டுகிற பள்ளம் இருந்தால் பள்ளத்தை மூடும் மெல்லிய ஸ்டீல் உறையான ஸ்பீடி ஸ்லீவ் ஏற்றிவிடலாம்.

பூட்டும்போது ஆயில் த்ரோவரில் "எஃப்" எழுத்து முன்பக்கம் பார்க்கணும். கவர் போல்ட்டுகளை லூசாக விட்டு, புல்லியை உள்ளே தள்ளி சீலை நடுவில் நிறுத்திய பிறகு கவரை இறுக்குங்கள். நட்டுக்கு 70 அடி-பவுண்டு, புது மீட்டரில் சுமார் 95 நியூட்டன் மீட்டர். வாஷர் காதை மடக்க மறந்துவிடாதீர்கள்.

காங்கேயம் மார்க் 3

பத்து நாள் ஆச்சுங்க. ஆவாரம்பாளையத்தில் ஸ்லீவ் போட்டோம், கீ, வாஷர், சீல் எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துச் சொச்சம். வாஷரைக் கையில் வாங்கியபோதுதான் சிரிப்பு வந்தது, ஒரு டீ காசுக்குக்கூடப் பெறாது. நட்டிலும் புல்லியிலும் சேர்த்து வெள்ளை பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்தேன். சிவன்மலை ஏறி இறங்கி, ஊர் சுற்றி 200 கிலோமீட்டர் ஓட்டியாச்சு. கோடு விலகவில்லை. டைமிங் லைட்டில் வெட்டு அப்படியே நிற்கிறது.

ஐடிலில் சத்தம் இல்லை என்று சொன்னால் அப்புச்சி நம்பவில்லை. நாற்காலியைப் பம்பர் பக்கம் போட்டு உட்கார்ந்து கால்மணி நேரம் கேட்டார்.

பொள்ளாச்சி டிரைவர்

நல்லது அம்மணி. பெல்ட்டை ரொம்ப இழுத்துக் கட்டிவிடலையே? நீளமான பக்கத்தில் அரை இஞ்ச் அமுங்கணும்.

காங்கேயம் மார்க் 3

அப்புச்சி கட்டைவிரலை வைத்து அமுக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு நூல் தளர்த்து" என்றார். தளர்த்திவிட்டு ஸ்கேல் வைத்தேன். சரியாக அரை இஞ்சுங்க.