மறுமொழி: ‘பிரைவட்டீர்’ என்பதற்கு ‘போருரிமக் கலம்’

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய மொழிபெயர்ப்பில் ‘பிரைவட்டீர்’ (போர்க்காலத்தில் அரசின் அனுமதி பெற்று எதிரிக் கப்பல்களைப் பிடிக்கப் போகும் தனியார் கப்பல்) என்பதற்கு என்ன சொல் போடலாம் என்று குழுவில் ஓர் அம்மா கேட்டிருந்தார்கள். இரண்டு நாளாக வந்த மறுமொழிகள் எல்லாவற்றையும் படித்தேன். பெரும்பாலோர் ‘கொள்ளை’ என்ற சொல்லையே சுற்றி வருகிறோம். அது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

> ‘அரசு அனுமதி பெற்ற கடற்கொள்ளையர்’ என்றே எழுதிவிடலாமே ஐயா. படிப்பவருக்கு உடனே புரியும்.

உடனே புரியும், ஆனால் தவறாகப் புரியும். இந்தப் போரில் அந்த மாலுமிகளைக் கடற்கொள்ளையர் என்று அழைத்தது எதிர்த்தரப்பு. 1777-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டமே போட்டது: கடலில் பிடிபடும் அமெரிக்கர்களைத் துரோகம் அல்லது கடற்கொள்ளைக் குற்றம் சாட்டி, விசாரணையில்லாமல் சிறையில் வைத்திருக்கலாம். பிளிமத்தின் மில் சிறையிலும் போர்ட்ஸ்மத் அருகே ஃபோர்ட்டன் சிறையிலும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தது இந்தச் சட்டத்தால்தான். நாம் ‘கொள்ளையர்’ என்று போட்டால், வழக்கில் ஒரு தரப்பின் குற்றப்பத்திரிகையைக் கலைச்சொல்லாக்கியது போல ஆகிவிடும்.

சரி, அமெரிக்கத் தரப்பில் இதை எப்படி நடத்தினார்கள்? மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1775 நவம்பரிலேயே தனியாகச் சட்டம் இயற்றி, பிடித்த கப்பல்களை விசாரிக்க நீதிமன்றங்களையும் அமைத்துவிட்டது. குடியேற்றங்களின் பொது அவையான கண்டப் பேராயம் 1776 மார்ச் 23 அன்று தனியார் கப்பல்களுக்கு அனுமதி தரத் தீர்மானித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் உரிமப் படிவமும் கப்பல் தலைவர்களுக்கான விதிகளும் வந்தன. பேராயத் தலைவர் ஜான் ஹான்காக் கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டு, அங்கே பெயரும் கப்பலும் நிரப்பிக் கொடுக்கப்பட்டன. போர் முடிவதற்குள் பேராயம் கொடுத்தவை மட்டுமே சுமார் 1,700.

அந்தப் படிவம் சும்மா கிடைக்காது. 100 டன் வரையான கப்பலுக்கு 5,000 டாலர், அதற்கு மேற்பட்டதற்கு 10,000 டாலர் என்று பிணைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். விதியை மீறினால் அந்தத் தொகைக்கு உரிமையாளர் பொறுப்பு. பிடித்த கப்பலை வசதியான துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும்; நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை சரக்கில் கை வைக்கக் கூடாது. அதன் தலைவரையோ வழிகாட்டும் மீகாமனையோ நீதிபதி முன் நிறுத்த வேண்டும், கப்பலின் காகிதங்களை ஒன்று குறையாமல் ஒப்படைக்க வேண்டும். சரணடைந்தவரைக் கொன்றாலோ வதைத்தாலோ கடும் தண்டனை உண்டு. தன் ஆட்களில் மூன்றில் ஒரு பங்கினராவது கடல் தொழில் அறியாத தரைவாசிகளாக இருக்க வேண்டும் என்றுகூட ஒரு விதி. கடலோடிகளுக்கு அவ்வளவு தட்டுப்பாடு! கடற்படையில் பிடித்ததில் கணிசமான பங்கு பேராயத்துக்குப் போக, தனியார் கப்பலில் முழுவதும் உரிமையாளரும் மாலுமிகளும் பிரித்துக்கொண்டதால், ஆட்கள் அந்தப் பக்கமே ஓடினார்கள்.

இத்தனை விதிகளோடு நடந்த வேலையின் பெயரில் அந்தக் காகிதம் இல்லாமல் எப்படி? அதனால்தான் ‘தனியார் போர்க்கப்பல்’ என்ற பரிந்துரையும் எனக்குப் போதவில்லை. பாதி சரி, பணம் போட்டது யார் என்று சொல்கிறது, அதிகாரம் கொடுத்தது யார் என்று சொல்லவில்லை. ‘கூலிப்படைக் கப்பல்’ வேண்டவே வேண்டாம். இவர்கள் கூலிக்குப் போகவில்லை, பங்குக்குப் போனார்கள். தவிர, அதே நூலில் பிரிட்டன் பணம் கொடுத்து அமர்த்திய ஜெர்மானிய ஹெஸ்ஸியப் படையினருக்குக் ‘கூலிப்படை’ என்று எழுத வேண்டிவரும்.

காகிதத்தின் மதிப்புக்கு ஒரு மனிதரைச் சொல்கிறேன். கஸ்டேவஸ் கனிங்கம். 1777-இல் பிரான்சில் பேராயத்தின் தூதர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கையால் பேராயத்தின் ஆணைப்பத்திரம் பெற்றவர். (கடற்படைத் தலைவருக்கான ஆணை அது, பிரைவட்டீர் உரிமம் அல்ல. காகிதத்தின் கதை ஒன்றுதான்.) பிரெஞ்சு அதிகாரிகள் அதைப் பறித்துக்கொண்டார்கள், திரும்பக் கிடைக்கவில்லை. 1779-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டபோது கடற்கொள்ளையன் என்று விலங்கிட்டுக் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு பேராயத்திடம் தன் உழைப்புக்கு ஈடு கேட்டார். பத்திரம் எங்கே என்ற கேள்விக்கு அவரிடம் காட்ட ஒன்றுமில்லை, ஈடும் கிடைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அப்புறம், நம் மரபிலேயே இந்த வேறுபாடு இருக்கிறது. பகைவரின் பசுக்கூட்டத்தைக் கவர்வதைப் பாடும் வெட்சித்திணையில் தொல்காப்பியம் ஆநிரை கவர்பவரை ‘வேந்துவிடு முனைஞர்’ என்கிறது. வேந்தன் அனுப்பியவர்கள். புறப்பொருள் வெண்பாமாலை, மன்னன் ஏவிப் போவது ஒன்று, தானே போவது ஒன்று என இரண்டாகப் பிரிக்கிறது. கவர்ந்த நிரையை வருத்தாமல் ஓட்டி வருவதற்கு ‘நோயின்று உய்த்தல்’, பங்கு பிரிப்பதற்குப் ‘பாதீடு’ என்று துறைகளும் உண்டு. ஏறக்குறைய ஹான்காக்கின் விதிகளைத்தான் படிக்கிறோமோ என்று தோன்றும்! ‘ஆகோள்’ (ஆநிரை கவர்தல்) போலக் ‘கலக்கோள்’ என்று படைக்க ஆசைப்பட்டேன். ஆனால் இன்றைக்குக் கோள் என்றால் வியாழனும் சனியும்தான் நினைவுக்கு வரும். விட்டுவிட்டேன். பாதீட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம், பங்குத்தொகைக்குப் பொருத்தம். (இலங்கை நண்பர்களுக்கு அது வரவுசெலவுத் திட்டத்தை நினைவூட்டும் என்பது தெரியும். இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.)

என் பரிந்துரை: ‘லெட்டர் ஆஃப் மார்க்’ (எதிரிக் கப்பலைப் பிடிக்க அரசு தரும் அனுமதிப் பத்திரம்) என்பதற்குப் ‘போருரிமம்’. அதைப் பெற்ற கப்பல் ‘போருரிமக் கலம்’, அதில் போனவர்கள் ‘போருரிமக் கலத்தார்’. வெறும் ‘உரிமக் கலம்’ என்றால் மீன்பிடிப் படகும் அடங்கிவிடும். ‘ஆணை’யைவிட ‘உரிமம்’ ஏன் என்றால், உரிமத்தைக் கேட்டு வாங்க வேண்டும், பிணை கொடுக்க வேண்டும், மீறினால் ரத்தாகும். ஃபிராங்க்ளின் பிரான்சிலிருந்து ‘பிளாக் பிரின்ஸ்’ முதலிய கப்பல்களுக்குக் கொடுத்ததை, நடுநிலை டச்சுக் கப்பல் ஒன்றைப் பிடித்த வம்பில் பிரெஞ்சு அரசு நெருக்கியதும் 1780-இல் திரும்பப் பெற்றாரே, அது உரிமத்தின் இயல்பு.

> ‘பிரைஸ்’ (போரில் பிடிபட்ட கப்பலும் சரக்கும்) என்பதற்குச் ‘சிறைக்கலம்’ எப்படி?

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் நியூயார்க் வாலபவுட் குடாவில் பிரிட்டிஷார் சிறையாக நிறுத்தியிருந்த ‘ஜெர்சி’ போன்ற கப்பல்களில் ஆயிரக்கணக்கான கைதிகள் செத்தார்கள். சிறைக்கலம் என்ற பெயர் அவற்றுக்கே உரியது. ‘பிடிகலம்’ என்றால் பிடித்த கலமா பிடிபட்ட கலமா என்று குழப்பம் வரும். ‘பிடிபொருள்’ என்று வைப்போம். சரக்கும் அடங்கும், பொருள் எதையும் பிடிக்காது என்பதால் ஐயமும் வராது. விசாரிப்பது ‘பிடிபொருள் நீதிமன்றம்’. ‘கண்டம்ன்’ என்று அங்கே வருவதைக் கண்டனம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ‘பறிமுதல் தீர்ப்பு’ போதும்.

ஒரு இடத்தில்தான் தடுமாறுகிறேன். சரக்கு ஏற்றிப் போகும் வணிகக் கப்பல், வழியில் எதிரி அகப்பட்டால் பிடிக்கலாம் என்று போருரிமமும் வாங்கி வைத்திருக்கும். அதில் மாலுமிக்குச் சம்பளம் உண்டு. வேட்டைக்கென்றே போகும் கலத்தில் பங்கு மட்டும்தான். அந்த முதல் வகைக் கப்பலையும் ‘லெட்டர் ஆஃப் மார்க்’ என்றே மூலத்தில் சொல்வார்கள். ‘போருரிம வணிகக்கலம்’ என்று பிரித்தால் நீளமாகிறது. குறுகலாக யாருக்காவது ஏதேனும் தோன்றினால் எழுதுங்கள். மற்ற சொற்களை நம் கலைச்சொல் வரைவுப் பட்டியலில் சேர்க்க மறுப்பில்லையென்றால், இந்த வாரமே சேர்த்துவிடுகிறேன்.