உபுண்டுவில் டெசரக்ட் 5 தொகுத்தாச்சு, ஆனால் ஓடுதில்லை: லைப்ரரி சிக்கலுக்கு உதவி தேவை

கேள்வி (விசுவமடு)
வணக்கம். உபுண்டு 22.04, ராம் 4 ஜிபி. பழைய பாடசாலை மலர்களை ஸ்கான் பண்ணி எழுத்தாக்க டெசரக்ட் 5 வேணும். உபுண்டுவின் பொதி நிறுவியான ஆப்டில் இருக்கிறது 4.1.1. மூலநிரலை எடுத்து, தொகுக்க முதல் தேவையானவை இருக்குதா என்று பார்க்கிற கொன்பிகரை ஓட்ட, படங்களை வாசிக்கிற லெப்டோனிகா லைப்ரரி 1.74 அல்லது அதற்கு மேல் வேணும் என்று நின்றது. லெப்டோனிகாவையும் மூலநிரலில் இருந்தே தொகுத்துப் போட்டேன். இப்ப டெசரக்ட் நிறுவியாச்சு. ஓட்டினால் ‘லிப்டெசரக்ட்.எஸ்ஓ.5’ஐத் திறக்க ஏலாது என்குது. அந்தக் கோப்பு /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் இல் கிடக்குது. /யூஎஸ்ஆர்/லிப் க்குள் கொப்பி பண்ணலாமோ? போன் டேட்டாவில்தான் எல்லாம் இறக்குறன்.

பதில் (வவுனியா)
கொப்பி பண்ண வேண்டாம் தம்பி. அந்த இடம் ஆப்டின் பொறுப்பில் இருக்கிறது. நீங்கள் போட்ட கோப்பு ஆப்டின் கணக்கில் வராது, பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே ஏலாமல் போகும்.

நிரல் தொடங்கும்போது லைப்ரரி தேடுகிற லோடர், /இடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற பட்டியலைப் பார்க்கிறது. நிறுவுகிற ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளை கோப்பை வைத்தாலும் அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். அதைப் புதுப்பிக்க ‘சூடோ எல்டிகொன்பிக்’ ஒருக்கா ஓட்டுங்கோ. இறக்க ஒண்டும் இல்லை.

கேட்டவர்
நன்றி அண்ணை, ஓடுது. ஆனால் பிஎன்ஜி படம் கொடுத்தால் வாசிக்க ஏலாது என்று பிழை. டிஃப் கொடுத்தாலும் அப்படித்தான்.

பதில் (வவுனியா)
‘டெசரக்ட் --வெர்ஷன்’ அடித்துப் பாருங்கோ. லெப்டோனிகா வரிக்குக் கீழே லிப்ஜேபெக், லிப்பிஎன்ஜி, லிப்டிஃப் பெயர்கள் வரவேணும். வராவிட்டால் வியாதி அங்கேதான். லெப்டோனிகாவின் கொன்பிகர், பிஎன்ஜியின் டெவ் பொதி (தொகுக்கத் தேவையான கோப்புகள் உள்ளது) இல்லாவிட்டால் பிழை சொல்லி நிற்காது. அந்த வசதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுத் தொகுத்து முடிக்கும். இதில்தான் கனபேர் மாட்டுப்படுறது. கொன்பிகர் முடிந்த கையோடு கொன்பிக்.லொக் கோப்பில் ‘பிஎன்ஜி’ என்று தேடினால் முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

உங்களுக்குச் சொந்த லெப்டோனிகா தேவையே இல்லை. 22.04 இன் ஆப்டில் 1.82 இருக்கிறது, கேட்டது 1.74 தான். லிப்லெப்டோனிகா-டெவ் பொதி போட்டிருந்தால் கொன்பிகர் முதலிலேயே தாண்டியிருக்கும். ஓடுவதற்கான லைப்ரரி வேறு, தொகுப்பதற்குத் தேவையான ஹெடர்கள் (லைப்ரரியில் என்ன இருக்கு என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்புகள்) வேறு. ஹெடர்கள் டெவ் பொதியில்தான் வரும்.

முதலில் லெப்டோனிகா கோப்புறைக்குள் போய் ‘சூடோ மேக் அன்இன்ஸ்டால்’, பிறகு ‘சூடோ எல்டிகொன்பிக்’. இதைத் தவற விட்டால், லைப்ரரி எங்கே இருக்கு என்று கொன்பிகருக்குச் சொல்கிற பிகேஜி-கொன்பிக் /யூஎஸ்ஆர்/லோக்கல் இல் கிடக்கிற பழசையே முதலில் பிடிக்கும், என்ன பொதி போட்டும் பலனில்லை. அதன்பிறகு டெவ் பொதியைப் போட்டு, டெசரக்ட் கோப்புறையில் ‘மேக் டிஸ்ட்கிளீன்’, கொன்பிகர், மேக், சூடோ மேக் இன்ஸ்டால், திரும்பவும் எல்டிகொன்பிக். டிஸ்ட்கிளீன் கட்டாயம், பழைய கொன்பிகர் முடிவுகள் மிஞ்சக்கூடாது. 4 ஜிபி ராமில் ‘மேக் -ஜே2’ க்கு மேல் போக வேண்டாம், ராம் போதாமல் கம்பைலர் இடையில் கொல்லப்படலாம்.

கடைசியாக, நிறுவிய டெசரக்ட் கோப்பின் மேல், எந்த லைப்ரரி எங்கிருந்து எடுக்கப்படுது என்று காட்டும் ‘எல்டிடி’ ஓட்டுங்கோ. லெப்டோனிகாவுக்கு நேரே /யூஎஸ்ஆர்/லோக்கல் என்று பாதை வந்தால் பழசு இன்னும் போகவில்லை.

பதில் (மாங்குளம்)
டேட்டா பற்றி ஒரு விசயம். ‘ஆப்ட்’ கட்டளை நிறுவி முடிந்ததும் இறக்கிய டெப் (பொதி) கோப்புகளை அழித்துவிடும். ‘ஆப்ட்-கெட்’ பாவித்தால் அவை /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் இல் அப்படியே இருக்கும். பென்ட்ரைவில் அடுத்த கணினிக்குக் கொண்டுபோகலாம். இரண்டும் ஒரே உபுண்டு பதிப்பாக, ஒரே ப்ராசஸர் கட்டமைப்பாக இருக்கவேணும். இணைப்பே இல்லாத கணினி என்றால் ஆப்ட்-ஆஃப்லைன் இருக்கிறது: தேவைப் பட்டியலை ஒரு கோப்பாக எழுதித் தரும், கிளிநொச்சி டவுனில் நல்ல இணைப்பு உள்ள கணினியில் இறக்கிவரலாம்.

கேட்டவர்
எல்டிடி சரியான பாதை காட்டுது, பிஎன்ஜியும் திறக்குது. இப்ப ‘டாம்’ (தமிழ்) மொழியை ஏற்ற ஏலாது என்குது. டெசரக்ட்-ஓசிஆர்-டாம் பொதி போட்டிருக்கிறன் அக்கா.

பதில் (மாங்குளம்)
அந்தப் பொதி /யூஎஸ்ஆர்/ஷேர்/டெசரக்ட்-ஓசிஆர்/4.00/டெஸ்டேட்டா இல் வைக்கும். நீங்கள் தொகுத்தது /யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர்/டெஸ்டேட்டா வைப் பார்க்கும். டாம்.ட்ரெயின்ட்டேட்டா கோப்பை அங்கே கொப்பி பண்ணுங்கோ. இது தரவுக் கோப்புத்தான், லைப்ரரி மாதிரி இல்லை, கொப்பி பண்ணுவதில் பிழை வராது. மலரில் ஆங்கிலமும் கலந்திருந்தால் இங்லிஷ் கோப்பையும் சேர்த்து வைத்து ‘-எல் டாம்+எங்’ என்று கொடுங்கோ. ஸ்கான் 300 டிபிஐக்குக் குறையாமல் இருக்கட்டும்.