ஊசி வால்வை மாற்றியும் பெட்ரோல் சொட்டுகிறது: பழைய ஹோண்டா 125

ஈசூன்வாசி:
வணக்கம். 2005இல் பதிவான ஹோண்டா 125, ஒற்றை சிலிண்டர், கெய்ஹின் கார்புரேட்டர். அப்பா வேலைக்கு ஓட்டிய வண்டி, இப்போது என்னிடம். சென்ற ஆண்டு சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தபோதே "இதற்குப் போய் இவ்வளவு செலவா?" என்று வீட்டில் முணுமுணுப்பு.

மூன்று வாரமாகக் கார்புரேட்டருக்கு அடியில் தொங்கும் ரப்பர் குழாய் வழியே பெட்ரோல் சொட்டுகிறது. இரவு முழுக்க ஒரு மைலோ டின்னை வைத்துப் பார்த்தேன். காலையில் ஒரு விரற்கடை உயரத்துக்கு இருந்தது. பட்டறையில் காட்டினால், கழற்றிக்கூடப் பார்க்காமல், "முழு கார்புரேட்டரையும் மாற்ற வேண்டும், 280 வெள்ளி" என்றார்கள். நானே 18 வெள்ளிக்கு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வும் கேஸ்கட்டும் வாங்கி மாற்றினேன். சொட்டுவது நிற்கவில்லை. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தைத் திருப்புளியின் பிடியால் தட்டியும் பார்த்துவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?

தெம்பனிஸ்காரன்:
விற்றுவிடுங்கள். பழைய வண்டிகளை 2028இல் எப்படியும் சாலையில் விடப்போவதில்லை.

ஊபி மாமா:
அந்த விதி 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களுக்கு. அவைதான் 2028 ஜூன் 30க்குப் பிறகு ஓடக்கூடாது. தம்பியின் வண்டி 2005. அவரைப் பயமுறுத்தாதீர்கள்.

தம்பி, முதலில் ஒரு திட்டு. இரவு முழுக்கத் திறந்த டின்னில் பெட்ரோலா? எங்கள் புளோக்கில் சீனர்களின் ஏழாம் மாதம் (பேய் மாதம்) வந்துவிட்டால் கார் நிறுத்தத்தை ஒட்டித்தான் காகிதம் எரிக்கும் தொட்டி இருக்கும். காற்றில் பறக்கும் ஒரு பொறி போதும். இனி வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். மூடினால் சொட்டு நிற்கிறதா? எஞ்சின் ஆயிலின் அளவு கூடியிருக்கிறதா? அளவுகோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கைத் தின்றுவிடும்.

ஈசூன்வாசி:
திட்டு நியாயம்தான், மாமா. டேப்பை மூடிக் கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றுவிடுகிறது. ஆயிலில் வாடை இல்லை, அளவும் சரியாக இருக்கிறது. ஸ்பார்க் பிளக் கருக்கவில்லை. வண்டி ஓடுவதில் எந்தக் குறையும் இல்லை.

காக்கி புக்கிட் கைவினைஞர்:
ஓட்டம் சுத்தம், பிளக் கருக்கவில்லை என்றால் எனக்கு ஊசியின் மேல் சந்தேகம் குறைகிறது. ஊசி மூடாவிட்டால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் ஏறும். ஏறினால் கலவை தடித்து, பிளக் கருத்து, ஆக்சிலேட்டரைத் திருகும்போது திணறும். கார்புரேட்டர் ஒழுகினாலே எல்லாரும் ஊசியைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். ஆனால் பல கெய்ஹின் கிண்ணங்களில் அந்த ரப்பர் குழாய்க்கு மூன்று வழியாகப் பெட்ரோல் வரலாம். மட்டம் உயர்ந்து, கிண்ணத்தின் உள்ளே நிற்கும் பித்தளைக் குழலின் வாய் வழியே வழிவது ஒன்று. அடியில் இருக்கும் வடிகால் திருகு சரியாக மூடாதது இன்னொன்று. மூன்றாவது, அந்தப் பித்தளைக் குழலிலேயே விரிசல்.

ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, மீன் தொட்டிக்கு வாங்கும் கண்ணாடி போன்ற குழாயைச் செருகுங்கள். வண்டி நேராக நிற்கட்டும், பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் கணக்குத் தப்பும். குழாயைக் கிண்ணத்தை ஒட்டி மேல்நோக்கிப் பிடித்து, டேப்பைத் திறந்து, வடிகால் திருகைத் தளர்த்தினால், உள்ளே இருக்கும் மட்டம் வெளியே தெரியும். கிண்ணமும் மேலுடலும் சேரும் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றால் பொதுவாக மிதவையும் (மட்டத்தோடு ஏறி ஊசியை மூட வைப்பது) ஊசியும் நிரபராதிகள்.

ஈசூன்வாசி:
செய்தேன். மட்டம் கோட்டுக்குக் கீழே மூன்று நான்கு மில்லிமீட்டரில் நிற்கிறது, அசையவில்லை. வடிகால் திருகை இறுக்கி, குழாயைக் காலி செய்துவிட்டு மறுபடி பிடித்தால், அதே உயரத்துக்கு மெல்ல மெல்ல ஏறுகிறது!

காக்கி புக்கிட் கைவினைஞர்:
அப்படியானால் மட்டம் சரி. திருகா, விரிசலா என்பதுதான் மிச்சம். கிண்ணத்தைக் கழற்றுங்கள். ஜப்பான் வண்டித் திருகுகளுக்கு ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனைத் திருப்புளி வேண்டும். சாதாரண நட்சத்திர முனை அதன் தலையைத் தேய்த்துவிடும். கிண்ணத்தைத் திறந்த வெளியில் வைத்து, பித்தளைக் குழலின் வாய்க்குச் சற்றுக் கீழே வரை பெட்ரோலை ஊற்றிக் காத்திருங்கள். அடிவரை வடிந்தால் திருகு. பாதியில் நின்றுவிட்டால், நின்ற உயரத்தில் விரிசலின் கீழ்முனை இருக்கிறது.

ஈசூன்வாசி:
பாதியில் நின்றது. கைப்பேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால், குழலின் நெடுக்கில் ஒரு தலைமுடி ஒட்டியிருப்பதுபோல் ஒரு கோடு. துடைத்தேன், போகவில்லை. இவ்வளவு நாளும் அந்தக் கோடுதான்.

ஊபி மாமா:
பழைய ஹோண்டாக்களில் இது பலருக்கும் வந்ததுதான், தம்பி. குழலைக் கிண்ணத்தின் அலோய் (கலப்பு உலோக) உடலில் அழுத்தி நுழைத்திருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் அந்த இறுக்கத்தைத் தாங்கிப் பித்தளை நெடுக்கில் பிளந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம். ஆனால் கிண்ணத்தில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் இருக்கக்கூடாது, சூடும் அளவாக இருக்க வேண்டும். அலோய் எளிதில் உருகும். கடைப் பசை எதையும் தடவாதீர்கள், பெட்ரோலில் ஊறி உரிந்து, பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். நானாக இருந்தால் பழைய கார்புரேட்டர் ஒன்றின் கிண்ணத்தைத் தேடுவேன்.

ஈசூன்வாசி:
பழைய பாகங்கள் விற்பவரிடம் கிண்ணம் மட்டும் 25 வெள்ளிக்குக் கிடைத்தது. மாட்டுவதற்கு முன் அதிலும் பெட்ரோல் ஊற்றி அரை மணி நேரம் காத்திருந்தேன். மட்டம் இறங்கவில்லை. கிண்ணத்துக்கும் வடிகால் திருகுக்கும் புது ஓ-ரிங் போட்டேன். நான்கு நாள்களாகத் தரை காய்ந்து கிடக்கிறது. காக்கி புக்கிட் அண்ணனுக்கும் மாமாவுக்கும் மிக்க நன்றி.

ஊபி மாமா:
நல்லது. டேப்பை மூடும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அந்த மைலோ டின்னை அம்மா கண்ணில் படும்படி சமையலறையில் வைத்துவிடாதீர்கள்.