வளைவிறைப்பா, வளைமீட்சியா?

வணக்கம்.

உயிரணுச் சவ்வு வளைவதை எதிர்க்கும் பண்பை (bending rigidity) தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் உரையாடலில், ஐயா ஒருவர் முன்மொழிந்த 'வளைவிறைப்பு' கச்சிதமான சொல்தான். ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடநூலில் 'விறைப்புக் குணகம்' என்பது சறுக்குப் பெயர்ச்சியை, அதாவது பக்கவாட்டு விசையால் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று நகர்ந்து உருக்குலைவதை, ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதற்கான அளவு. சவ்வின் அடிப்படையான லிப்பிடு ஈரடுக்கில் (கொழுப்பு மூலக்கூறுகளாலான இரட்டைப் படலத்தில்) அந்த எதிர்ப்பு இல்லவே இல்லை. பிசைந்த பிராட்டா மாவைப் பக்கவாட்டில் தள்ளினால் அது எதிர்த்து நிற்கும். ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிப்புள்ள இந்த ஈரடுக்கிலோ மூலக்கூறுகள் தளத்துக்குள் நீர்போல் வழுக்கிச் செல்லும், வளைக்க முயலும்போதுதான் எதிர்ப்புத் தோன்றும்.

'விறைப்பு' என்பதைவிட 'மீட்சி' என்பதே பொருந்தும் என்பதற்கு, நூலகத்தில் நாம் பேசவிருக்கும் இயற்பியலாளர் வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிஷின் ஆய்வு வாழ்க்கையையே சான்றாகக் கொள்ளலாம். 1970இல் சுவிட்சர்லாந்தின் பாசலில் மார்ட்டின் ஷாட்டுடன் சேர்ந்து, கைக்கடிகாரத் திரைகளுக்கு வழிதிறந்த திரவப் படிக (liquid crystal) அமைப்பைக் கண்டவர் அவர். 1973இல், திரவப் படிகங்களுக்கென இருந்த மீட்சிக் (elasticity) கோட்பாட்டை அப்படியே லிப்பிடு ஈரடுக்குக்குக் கொண்டுவந்தார்; மூலக்கூறுகள் விசிறிபோல் விரிவதற்கு ஆகும் ஆற்றலைக் கொண்டே சவ்வு வளைவதற்கான ஆற்றலையும் கணக்கிட்டார். கருத்து மீட்சியிலிருந்து பிறந்திருக்க, பெயரும் அங்கிருந்தே வரட்டும்: பண்புக்கு 'வளைமீட்சி', அளவுக்கு 'வளைமீட்சிக் குணகம்'. அந்த அளவு வெப்ப ஆற்றலைப்போல் சுமார் 20 மடங்குதான் என்பதால், வெப்ப அசைவே சவ்வை ஓயாமல் நெளியச் செய்கிறது. இப்படி நெளிவதை விறைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரத்தச் சிவப்பணுவைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு இன்னும் இன்றியமையாதது. ஈரடுக்கின் அடியில் உள்ள ஸ்பெக்ட்ரின் என்னும் புரத வலை சறுக்குப் பெயர்ச்சியை எதிர்க்கிறது. வளைவதை எதிர்ப்பது பெரும்பாலும் ஈரடுக்கு. ஒரே வாக்கியத்தில் இரண்டும் வரும்போது இரண்டுக்கும் 'விறைப்பு' என்றால், இங்கே சிங்கப்பூரில் அறிவியலை ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழ்ச்சொல்லை முதன்முறை கேட்கும் தொடக்கக் கல்லூரி மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

'வளை' என்றால் வளையல் நினைவுக்கு வருமே என்று ஒருவர் கேட்டிருந்தார். 'வளைகோல் பந்தாட்டம்' என்று நாளிதழில் படிக்கும்போது யாருக்கும் வளையல் தோன்றுவதில்லை. இதுவும் அதுபோன்ற வினைத்தொகையே.

இலங்கையில் படித்த நண்பர்கள் 'குணகம்' என்பதற்கு ஈடாக 'மட்டு' என்றும், 'மீட்சி' என்பதற்கு ஈடாக 'மீள்தன்மை' என்றும் எழுதிப் பழகியவர்கள். 'மீட்சி', 'மீள்தன்மை' இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதால் அவர்கள் தங்கள் வழக்கப்படி எழுதுவதில் எனக்கு மறுப்பில்லை. 'விறைப்பு' வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.