பள்ளி வளாகத்தில் காடு வளர்க்க மாணவர்களுக்கு நிதி தரலாமா?

கோட்டூர்புரம் பெற்றோர்:
எங்கள் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். சென்ற கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் சிலர் ஒரு கோரிக்கை வைத்தார்கள். பின்புறச் சுவரை ஒட்டி, கட்டட இடிபாடுகள் கொட்டப்பட்டுச் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் ஏறத்தாழ இரண்டு கிரவுண்டு நிலத்தைச் சீர்செய்து, இந்தக் கடற்கரைச் சமவெளிக்கே உரிய செடிகொடிகளை வளர்க்க விரும்புகிறார்கள். அதற்கான பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதையும் தாங்களே முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நெறிமுறைகள், இளைஞர் மற்றும் சுற்றுச்சூழல் மன்றங்களுக்காக உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை இடம் தருகின்றன. பதாகைக்கும் கட்டுரைப் போட்டிக்கும் கரையக்கூடிய அந்தத் தொகையை இவர்களிடம் ஒப்படைத்தால் என்ன?

தணிக்கைத் துறை ஓய்வாளர்:
நல்ல எண்ணந்தான், ஆனாலும் எதிர்க்கிறேன். பொதுப் பணத்துக்குக் கையெழுத்திடுபவர் தலைமையாசிரியர். முடிவு ஒருவருடையது, பொறுப்பு இன்னொருவருடையது என்று ஆகும்போது, தணிக்கையில் மாட்டிக்கொள்பவர் எப்போதும் கையெழுத்திட்டவரே. மேலும், நீங்கள் சொல்லும் திட்டத்தில் தமிழகத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, முன்மாதிரிப் பள்ளிகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டமான பிஎம் ஸ்ரீயின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதால், ஒன்றிய அரசு 2024-25ஆம் ஆண்டில் விடுவிக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வருமா வராதா என்று தெரியாத பணத்தை நம்பி உயிருள்ள ஒன்றைத் தொடங்குவது சரியல்ல. கழிப்பறைக் குழாயில் தண்ணீர் வராத பள்ளியில் செடிக்கு எங்கிருந்து தண்ணீர்? இயற்கையைக் காட்டத்தான் வேண்டுமென்றால், கிண்டித் தேசியப் பூங்காவும் அடையாற்றுத் தொல்காப்பியப் பூங்காவும் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆண்டுக்கு இருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

பெரம்பூர்வாசி:
புதர் என்றால் பாம்பு வரும், கொசு வரும். என் பிள்ளை படிக்கும் பள்ளியாக இருந்தால் நான் சம்மதிக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை:
பாம்பைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு இடிபாட்டுக் குவியலை விட வசதியான குடியிருப்பு வேறில்லை. எலியும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குவியலை அகற்றுவதே இந்தத் திட்டத்தின் முதல் வேலை.

தணிக்கைத் துறை ஐயா எழுப்பிய கணக்குக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். நான் பணியாற்றிய பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று கன்று நட்டோம், படம் எடுத்தோம். சென்னையில் அது கத்திரி வெயில் முடிந்தும் வெப்பம் தணியாத காலம். இந்த நகரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில்தான் பொழிகிறது. ஆடி முடியக் குழி எடுத்து, ஐப்பசி மழைக்கு முன் நட்டால்தான் வேர் பிடிக்கும். பணமோ பெரும்பாலும் தை, மாசியில் வந்து சேரும்; மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பியாக வேண்டும். ஆக, மண் கேட்கும்போது பணம் இருக்காது, பணம் வரும்போது மண் காய்ந்திருக்கும். எங்கள் கன்றுகள் செத்ததற்கு மாணவர்களின் அக்கறைக் குறைவு காரணமல்ல.

இன்னொன்று, செலவு கன்றில் இல்லை. காயா, வீரை, களா, சூரை, வெப்பாலை போன்றவற்றின் விதைகளைச் சேகரித்து மாணவர்களே நாற்று வளர்க்கலாம். எருக்கு தானாகவே முளைக்கும். அதன் இலையைத் தின்றுதான் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது என்பதை ஒரு மாணவி ஒரு வாரம் நின்று பார்த்தால், பூங்காவுக்கு இருமுறை போய்வருவதில் கிடைக்காத ஒன்று கிடைக்கும். உண்மையான செலவு வேறு இடத்தில். சீமைக் கருவேலத்தை வெட்டினால் மீண்டும் தழைக்கும், வேரோடு பிடுங்க ஜேசிபி வேண்டும். சிமென்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறியிருக்கும், மேல் மண்ணை மாற்ற வேண்டும். பிறகு இரண்டு கோடைக்குத் தண்ணீர் வேண்டும். ஆண்டுக்கு 25,000 என்று பிரித்துத் தருவதை விட, மூன்றாண்டுக்கான தொகையை ஆவணியில் தொடங்கித் தவணையாகத் தருவதே பயன்படும்.

தணிக்கைத் துறை ஓய்வாளர்:
அம்மா, நிதியாண்டுக்கும் பருவத்துக்கும் உள்ள முரணை ஏற்கிறேன். என் பணிக்காலத்தில் மார்ச் மாதத்துக் கன்று ரசீதுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் கேட்பது விதியையே மாற்றச் சொல்வது. அது வரை அரசுப் பணத்தை விடுத்து, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் மாநில அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் வழியாக நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நாடலாமே?

கோட்டூர்புரம் பெற்றோர்:
நாடலாம். ஆனால் நிறுவனத்துக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு, பெயர்ப் பலகை ஆசையும் உண்டு. உடனே பச்சை தெரிய வேண்டும் என்பதற்காக நெருக்கி நடும் மியாவாக்கி முறையைத்தான் முதலில் சொல்வார்கள் என்று அஞ்சுகிறேன். புல்லும் முட்புதரும் வெட்டவெளியும் கலந்த நம் நிலத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது தனி விவாதம். கையெழுத்துக் கேள்விக்கு ஒரு வழி தோன்றுகிறது. மாணவிகள் திட்டமும் செலவுப் பட்டியலும் தயாரிக்கட்டும். மேலாண்மைக் குழு தீர்மானம் போட்டு ஏற்கட்டும். அடுத்த தவணையை, கோடைக்குப் பின் எத்தனை செடி உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே தரலாம். இதில் தலைமையாசிரியர் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்.

தணிக்கைத் துறை ஓய்வாளர்:
தீர்மானமும் எண்ணிக்கையும் இருந்தால் கணக்கு நிற்கும். அந்த அளவில் என் எதிர்ப்பைத் தளர்த்துகிறேன். முடிவெடுக்கும் உரிமையை மாணவிகளிடமே விடுவதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. இப்போதைக்கு ஒன்றே ஒன்று கேட்கிறேன். மே மாதம் முழுவதும் பள்ளி பூட்டிக் கிடக்கும்போது வாயில் சாவி யாரிடம் இருக்கும்?

கோட்டூர்புரம் பெற்றோர்:
அந்த மாணவிகளும் கூட்டத்தில் இதையேதான் கேட்டார்கள், ஐயா. குழுவில் யாரிடமும் பதில் இல்லை. திங்கட்கிழமை தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.