பாதியில் மூடிய காதல் நாவல்: உங்களுக்கு எந்த இடத்தில் விட்டுப்போனது?

(வாசகர்கள் பேசிக்கொண்டது. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

நடுப்பக்கம்

நான் மூடிய நாவலில் இருந்ததெல்லாம் எனக்குப் பிடித்த வகைதான். முதலில் முட்டிக்கொள்ளும் இருவர், அப்புறம் ஒரு கட்டாயக் கல்யாணம், மெதுவாக வளரும் காதல். இந்த மாதிரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். நடையும் மோசமில்லை. எங்கேயும் இடறவில்லை. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

நாயகியின் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறார். அவளுக்கு இருக்கும் ஒரே சொந்தம் அவர்தான் என்று திரும்பத் திரும்பச் சொல்லியாகிவிட்டது. கதவுக்கு வெளியே நிற்கிறாள். அவன் வருகிறான். அவள் கண்ணில் படுவது முழங்கை வரை மடித்துவிட்ட அவன் சட்டைக் கை. அப்புறம் முன்கை நரம்பு. அப்புறம் அவன் மேல் வீசும் சென்ட் வாசனை. ஒரு முழுப் பத்தி! உள்ளே கிடக்கும் மனிதரைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வரவில்லை. 'இதயம் ஒருமுறை நின்று துடித்தது' இந்த அத்தியாயத்தில் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கிண்டில் 72 சதவீதம் காட்டியது. மூடிவிட்டேன். அவர்கள் சேர்ந்தார்களா என்று தெரிந்துகொள்ளும் ஆசை துளியும் இல்லை. காதல் கதையில் இதைவிட வேறென்ன கேடு வேண்டும்?

பின்னட்டை

72 வரை வந்துவிட்டா விட்டீர்கள்? இந்த வகைக் கதைகளில் பிரிவு வருவதே முக்கால்வாசியைத் தாண்டித்தான். அதுவரை கட்டியதெல்லாம் அங்கேதான் உடையும். நீங்கள் எழுந்து போனது அதற்குச் சற்று முன்னால்.

நானும் ஒன்றை விட்டேன், ஆனால் அந்தப் பிரிவைப் படித்துவிட்டுத்தான் விட்டேன். அவன் வேறொருத்தியோடு பேசிக்கொண்டிருப்பதை இவள் ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள். அவ்வளவுதான், பெட்டியைக் கட்டிவிட்டாள். அந்த இன்னொருத்தி அவனுடைய தங்கை. "யார் அது?" என்று இவள் வாயைத் திறந்து கேட்டிருந்தால் அதற்குப் பின்னால் வரும் நூறு பக்கமும் தேவையில்லை. அதற்கு மேல் ஏன் படிக்கவேண்டும்?

ஈரத்தாள்

என்னுடையது ஒலிப்புத்தகம். வாசித்த பெண் உயிரைக் கொடுத்து வாசித்தார், அதைச் சொல்லியே ஆகவேண்டும். அவன் தன் காதலைச் சொல்லும் இடம். அவருக்குக் குரல் அடைக்கிறது, மூக்கை உறிஞ்சுகிறார், ஒரு சொல்லை முழுங்கிவிட்டுத் திரும்பப் பிடிக்கிறார். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டு நிற்கிறேன். அவர் அழ அழ, எனக்கு ஏதோ வேண்டாத வீட்டுக்குள் நுழைந்துவிட்ட கூச்சம்தான் வந்தது. இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

பின்னட்டை, முக்கால்வாசியில் உடையப்போகிறது என்பது சரி. உடைவதற்கு முதலில் ஏதாவது இருக்கவேண்டாமா?

வரிசை எண்

யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்.

நான்ஸி பேர்ல் என்று ஓர் அமெரிக்க நூலகர். அவர் ஒரு விதி வைத்திருக்கிறார்: முதல் 50 பக்கம் படியுங்கள், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் 100-லிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிச்சம் வரும் பக்கங்களைப் படித்தால் போதும். வயது ஏற ஏறப் பொறுமைக்கு விலக்கு.

நம்மால் ஏன் விடமுடிவதில்லை என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 1985-இல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இருவர் வெளியிட்டது. ஒரு நாடக அரங்கின் பருவச்சீட்டை, அதாவது அந்தப் பருவத்து நாடகங்கள் எல்லாவற்றுக்குமான சீட்டை, சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். நாடகங்கள் ஒன்றேதான். ஆனால் பருவத்தின் முதல் பாதியில் அதிகம் வந்தது முழு விலை கொடுத்தவர்கள். போட்ட காசு இழுக்கிறது. நாவலுக்கு நாம் போடுவது காசு மட்டுமில்லை, நேரமும்தான்.

ஆகவே மாதிரி அத்தியாயத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். விட்ட புத்தகத்துக்குத் தனிப் பட்டியல் போடுங்கள், எதனால் விட்டீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். சில மாதங்களில் உங்களுக்கு ஒத்துவராதது எது என்று தெரிந்துவிடும். எனக்கு 'பணக்கார நாயகன், பயந்த நாயகி' ஒத்துவராது என்று அப்படித்தான் தெரிந்தது. படுக்கைக்குப் போகுமுன் புதிதாக ஒன்றைத் தொடங்காதீர்கள், தூக்கக் கலக்கத்தில் எல்லாமே சுமாராகத்தான் தெரியும். இரண்டு காதல் நாவலுக்கு நடுவில் வேறு வகை ஒன்றையும் செருகுங்கள்.

என் அனுபவம்: நாயகன் ஒரு பக்கம் முழுக்கத் தன் காரைப் பற்றிச் சொன்னான். விட்டேன்.

பின்னட்டை

வரிசை எண் ஐயா, அனுபவம் மூன்று வரி, அறிவுரை மூன்று பத்தி!

50 பக்க விதி துப்பறியும் கதைக்கு வேண்டுமானால் சரி. மெதுவாகச் சூடேறும் காதல் கதையில் 50 பக்கம் என்றால் இரண்டு பேரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாம் பிரதி

அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர்கள் 1980-இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். காதல் நாவல் என்றால் இரண்டு வேண்டும் என்று அவர்கள் வரையறுத்தார்கள். கதையின் நடுவே காதல் இருக்கவேண்டும். முடிவு மனதை நிறைப்பதாக, நம்பிக்கை தருவதாக இருக்கவேண்டும். அதாவது சேரப்போகிறார்கள் என்பது அட்டையைப் பார்க்கும்போதே தெரியும். துப்பறியும் கதை மோசமாக இருந்தாலும் கொலைகாரன் யார் என்பதற்காகக் கடைசிவரை போகலாம். இங்கே அந்தப் பிடி கிடையாது. எப்படிச் சேர்கிறார்கள் என்பது மட்டும்தான் சரக்கு. அது ஓடவில்லை என்றால் பின்னட்டை சொல்லும் கடைசிக் கால்வாசியும் ஓடாது.

நான் விட்ட நாவல் அவள் ஓர் அத்தியாயம், அவன் ஓர் அத்தியாயம் என்று மாறி மாறிப் போகும். முதல் முத்தம் அவள் பக்கத்தில் வந்தது, நன்றாகவே இருந்தது. அடுத்த அத்தியாயத்தில் அதே முத்தம் அவன் பக்கத்திலிருந்து. அவள் என்ன நினைத்தாளோ அதையேதான் அவனும் நினைக்கிறான். அவள் அவனைப் பற்றி யோசித்துக் கலங்கியதெல்லாம் அந்த ஓர் அத்தியாயத்தில் வீண். அவனுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் இருந்தவரை நானும் அவளோடு தவித்தேன். தெரிந்ததும் போயிற்று.

நடுப்பக்கம், சட்டைக் கையைப் பார்த்ததில் தப்பில்லை என்பேன். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று தனியாக ஓர் இயலே இருக்கிறது. உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரியத்தான் வேண்டும்.

நடுப்பக்கம்

தெரியட்டும், யார் வேண்டாம் என்றது? சங்கப் பாட்டில் வளை கழல்கிறது, பசலை படர்கிறது. ஆனால் அதற்கு முன்னால் அவன் பொருள் தேடிப் போயிருப்பான், வருவதாகச் சொன்ன பருவம் வந்திருக்கும், அவன் வந்திருக்கமாட்டான். அப்புறம்தான் வளை கழலும். என் நாவலில் எடுத்த எடுப்பிலேயே வளை கழல்கிறது, ஒவ்வொரு அத்தியாயத்திலும் கழல்கிறது.

யூடி எப்போ

நான் தொடர்கதை ரகம். வாரம் இரண்டு எபி, அதாவது அத்தியாயம், இணையத்தில் போடுவார்கள். விட்டேன் என்று சொல்லமுடியாது, எப்போது நின்றது என்றே தெரியவில்லை. ஒருநாள் 'புதிய எபி வந்துவிட்டது' என்று போன் சொன்னது. விரல் தானாகத் தள்ளிவிட்டது. ஒரு காலத்தில் இதே அறிவிப்புக்காக ராத்திரி விழித்திருந்த ஆள் நான். கருத்துப் பகுதியில் எல்லாரும் இதயமாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத்தான் ஏதோ கோளாறா என்று ஒரு சந்தேகம், இன்னும் போகவில்லை.

வரிசை எண்

@யூடி எப்போ: அறிவிப்பை அணைத்துவிட்டு, கதை முழுதாக முடிந்த பிறகு ஒரேயடியாகப் படித்துப் பாருங்கள். வாரக் கணக்கில் இடைவெளி விழுந்தால் எந்த உணர்ச்சியும் ஆறிப்போகும்.

@பின்னட்டை: மூன்று வரி இல்லை, இரண்டு வரி.

ஓரக்குறிப்பு

என் தோழி தன் பிரதியையே கொடுத்தாள். அவளுக்குப் பிடித்த இடங்களில் பென்சில் கோடு, ஓரத்தில் 'ஐயோ', ஓர் இடத்தில் தாள் நனைந்து காய்ந்த சுருக்கம்கூட இருந்தது. சுருக்கம் இருந்த பக்கத்தை மட்டும் இரண்டு முறை படித்தேன். நாயகி அழுகிறாள், ஏன் அழுகிறாள் என்பதும் எனக்குப் புரிகிறது, ஒன்றும் ஆகவில்லை. அவள் அழுத இடத்தில் நான் அடுத்த அத்தியாயம் எத்தனை பக்கம் என்று புரட்டிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் படிக்கவில்லை.

திருப்பிக் கொடுத்தபோது "எந்த இடம் ரொம்பப் பிடிச்சுது?" என்றாள். "அந்தக் கடிதம்" என்றேன். கடிதம் இல்லாத காதல் நாவல் ஏது என்ற துணிச்சல்தான். நல்லவேளை, இருந்திருக்கிறது. "எனக்கும் அதேதான்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது இரண்டாம் பாகம் கொண்டுவருகிறேன் என்கிறாள்.